வச்சது வச்ச இடத்தில்

அவருடைய பழைய கார் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் நிறம். தரையோடு தரையாகக் கிடக்கும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே ரெண்டு சீட்டு. தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் அடுப்படிச் சன்னல் கம்பி அதிரும். படுத்திருக்கிற மாடு எழுந்துவிடும். சைக்கிளில் வருகிறவர்கள் ஓரம் கட்டுவார்கள். பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்றுகொள்வாள். பிள்ளைகள் "வருது, வருது" என்று கத்திக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்குவார்கள். அவர் வந்து சேரும்போது தெரு பெருக்கிவிட்டதுபோலக் கிடக்கும். நடுவில் அவர் மட்டும் ராசா மாதிரி வருவார்.

அந்தச் சத்தம் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது, அது போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

நான் அந்த வீட்டில் சமையல் பார்த்தவள். காரைக்குடியில் நடு முற்றமும் அதைச் சுற்றி வளவும் தூணுமாக நீண்டு கிடக்கிற பெரிய வீடு. இருந்தது அவரும் அவர் மனைவி ஆச்சியும் மட்டும். மகன் பெண்டாட்டி பிள்ளையோடு சிங்கப்பூரில். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. அண்ணே என்பேன். அதுவும் அவர் ஏதாவது கேட்டால்தான். அவர் என்னைத் தாயி என்பார்.

அவரைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டில் எதையும் நகர்த்தக் கூடாது. சாய்வு நாற்காலி மூன்றாவது தூணுக்கு நேரே இருக்க வேண்டும். தண்ணீர்ச் செம்பு அதன் வலது கைப்பக்கம். செருப்பு வாசற்படிக்குக் கீழே, இரண்டும் வெளியே பார்த்தபடி. கார்ச் சாவி நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில். அந்த ஆணியைச் சுற்றி மட்டும், வழுவழுவென்று மின்னுகிற அந்தச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு கறுப்பு இருந்தது. உள்ளங்கை அகலம். வருசத்துக்கு ஒருமுறை துடைப்பேன். திரும்ப வந்துவிடும். அது எதனால் வருகிறது என்று நான் யோசித்ததில்லை.

ஒருநாள் கூட்டும்போது முக்காலியைத் தள்ளி வைத்துவிட்டு மறந்துபோனேன். அவர் உள்ளேயிருந்து வழக்கம்போல விறுவிறுவென்று வந்தார். கால் இடித்து முக்காலி வளவைத் தாண்டி உருண்டது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடி வந்தேன்.

"யாரு? தாயியா?"

"ஆமாண்ணே. கூட்டுறப்ப..."

"வச்சது வச்ச இடத்துல இருக்கணும் தாயி. வேற என்ன கேக்குறேன் நான்? சம்பளத்துல பாதியவா கேக்குறேன்?"

கடைசியில் சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் தூணைப் பிடித்த கை வெகுநேரம் விடவில்லை. கோபத்தில் இறுக்கிப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபக்காரர் என்று சொல்ல முடியாது. பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்தால் மோதகப் பொட்டலத்தை நேரே அடுப்படிக்குக் கொண்டுவருவார். மேடையின் இடது மூலையில் வைப்பார். எப்போதும் அதே மூலை. "ஆச்சிக்குத் தெரியாம ரெண்டை எடுத்துக்க. அவ எண்ணி வைப்பா" என்பார், ஆச்சி பின்னாலேயே நிற்கும்போது.

"என்னைய எண்ண வச்சதே நீங்கதான. ஒங்க கைக்குப் பொட்டலம் வந்தா பாதி வழியிலயே கரைஞ்சுருது" என்பார்கள் ஆச்சி.

"தாயி, ஒருநாளைக்கு ஒன்னயும் ஏத்திக்கிட்டுப் போறேன் பாரு. இவ எறங்கட்டும்."

"நான் எறங்குனா நீங்க எங்குட்டுப் போவீகன்னு எனக்குத்தான தெரியும்."

இதைச் சொல்லும்போது மட்டும் ஆச்சி சிரிக்க மாட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள். மானகிரி வழியாகப் பிள்ளையார்பட்டி, அங்கே ஒரு கும்பிடு, அதே வழியாகத் திரும்பி வீடு. வேறு எந்த ரோட்டிலும் அவர் வண்டியை விட்டதில்லை. வலையபட்டியில் பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால் ஆச்சியை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு இவர் வீட்டில் இருந்துகொள்வார். தலைக்கனம் என்று சனம் பேசியது. நாலு பேர் நாலு விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "தெரிஞ்ச ரோடுன்னாத்தான் நான் வருவேன்" என்று முடித்துவிட்டார்.

வண்டி தெருவுக்குள் வரும்போது இன்ஜின் சத்தத்தோடு ஆச்சி சத்தமும் கேட்கும். "வலப்பக்கம் எருமை நிக்குது பாருங்க. பஸ்ஸு வாரான். மெதுவா, பள்ளிக்கூடம் விட்டுருச்சு. கொஞ்சம் இடக்க ஒடிங்க. போதும், போதும்." போகும்போதும் வரும்போதும் வாய் ஓயாது. முக்குக் கடையில் டீ குடிக்கிறவர்கள், "அந்த வண்டிக்கு ஹாரன் எதுக்கு? அதான் ஆச்சி இருக்காகள்ல" என்பார்கள். "கட்டுனவனை ரோட்டுல வச்சுக்கூட விட மாட்டேங்குதே அந்தம்மா" என்று பூக்காரி என்னிடமே சொன்னாள். அவர் காதிலும் விழுந்திருக்கும். கேட்டும் ஒருநாளும் ஆச்சியை வாயை மூடு என்று சொன்னதில்லை. அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு அமைதியாக ஓட்டுவார். நல்ல மனிதர், பொறுமைசாலி என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

தீபாவளிக்கு மகன் குடும்பம் வந்திருந்தது. மருமகள் வெளியூரில் வளர்ந்த பெண், ஆசையாகத் தானே பரிமாறுகிறேன் என்றது. இலை போடும்போது நுனியை வலது பக்கம் வைத்துப் போட்டுவிட்டது. நான் அடுப்படியிலிருந்து பார்ப்பதற்குள் பாதி பரிமாறி முடித்தாகிவிட்டது. இனிப்பு இருக்க வேண்டிய இடத்தில் மாங்காய் ஊறுகாய். ஊறுகாய் இருக்க வேண்டிய இடத்தில் இனிப்பான கவுனியரிசி. மற்றவர்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் எங்களைப் பார்த்து ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே இலையைப் பாராமல் கையை நீட்டினார். கை எப்போதும் போகிற இடத்துக்குப் போனது. கவுனியரிசி என்று நினைத்து ஊறுகாயை நாலு விரலால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பவில்லை. முகம் கோணவில்லை. முழுதாக விழுங்கிவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார் மருமகளிடம்.

அந்தப் பெண் மகிழ்ந்துபோனது. ஆச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவுகளுக்குக் கண்ணுல ஓரம் தெரியல."

நான் துருவுவதை நிறுத்தினேன்.

"நேரா இருக்கிறது தெரியும். பேப்பர்கூடப் படிப்பாக. பக்கத்துல நிக்கிறது தெரியாது. கொழாய்க்குள்ளயிருந்து பாக்குற மாதிரின்னு மதுரையில டாக்டர் சொன்னாரு. வரவரக் கொழாய் சின்னதாயிக்கிட்டே போகுமாம். மருந்து ஊத்துனா அங்கயே நிக்கும், போனது திரும்பாதாம். வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

"பெறகு ஏன் ஆச்சி..."

"கேட்டேன். தெரிஞ்ச ரோடுதானங்கிறாக."

"மகன்கிட்டச் சொன்னா?"

"அதுக்குத்தான் என் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கியிருக்காக. வாயத் தொறக்கக் கூடாதாம். சாவியப் புடுங்குற அன்னைக்கு நான் படுத்துருவேன், எந்திரிக்க மாட்டேன்னாக. சொன்னதைச் செய்யிற ஆளு." ஆச்சி துருவிய தேங்காயை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்கள். "நான் கூட இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அந்த வண்டிச் சத்தத்துக்கு ஊரே வெலகுது. வெலகாததை நான் சொல்லிருவேன்."

முக்காலி உருண்டதும், சுவரில் இருக்கிற கறுப்பும், கல்யாணத்துக்கு வராததும் எல்லாம் ஒன்றாக எனக்கு முன்னால் வந்து நின்றன. அதற்குப் பிறகு அந்த வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டிப் போகிறவரை என்னால் அடுப்பைக் கவனிக்க முடியாது.

அந்த லீவிலேயே மகன் ஒரு முடிவு எடுத்துவிட்டார். மஞ்சள் வண்டி மானகிரி அருகில் இரண்டு தரம் நின்றுபோயிருந்தது. சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வருமா என்று தெரியாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

"அப்பச்சி, போதும். அதே கம்பெனியில புதுசு வந்துருக்கு. அதே மாதிரி ரெண்டு சீட்டு, தாழ்வா. பெட்ரோல் வேணாம், கரண்டுல ஓடும். ஏதாவது கிட்ட வந்தா அதுவே சொல்லும். ஒங்க வயசுக்கு அதுதான் பாதுகாப்பு" என்றார் அப்பாவிடம்.

பாதுகாப்பு என்றதும் ஆச்சி கையிலிருந்த தட்டு சத்தம் போட்டது.

அவர் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். ஒரு முக்காலியை நகர்த்த விடாத மனிதர், வண்டியை மாற்றுவாரா? ஆனால் ஏன் வேண்டாம் என்று மகன் கேட்டபோது சொல்ல ஒரு காரணமும் அவரிடம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. மாட்டேன் மாட்டேன் என்றால் மகன் சந்தேகப்படுவார். சரி என்றுவிட்டார்.

பழைய வண்டியை வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் லாரியோடு வந்தார். கொடுக்கும் முன்னால் பெரியவர் ஒருதரம் உள்ளே போய் உட்கார்ந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு திருகையும் பித்தானையும் விரலால் தொட்டார். கியர்க் கம்பியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். லாரியில் ஏற்றிய பிறகு வாங்கினவரிடம், "ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணி விடுங்க தம்பி" என்றார். சன்னல் கம்பி அதிர்ந்தது. கடைசியாக அன்றைக்குத்தான்.

புது வண்டி மழை மேகத்தின் நிறம். பூசைக்காகப் பிள்ளையார்பட்டிக்கு ஷோரூம்காரரே அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டி வந்துவிட்டார். நானும் ஆச்சியும் தேங்காய் பழத்தோடு ஆட்டோவில் போயிருந்தோம். மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரியவர் ஓட்டுகிற சீட்டில் போய் உட்கார்ந்தார். குருக்கள் சூடம் காட்டினார். பக்கத்தில் ஒருவர் மணி அடித்தார். குருக்கள் கையைத் தூக்கிக் காட்டினால் வண்டியை எடுத்துப் பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். எல்லா வண்டிக்கும் நடக்கிறதுதான்.

முன்சக்கரத்துக்கு அடியில் இருந்த ஒரு பழம் உருண்டுவிட்டது. அதை எடுத்துத் திரும்ப வைக்கக் குருக்கள் ஓரமாகக் குனிந்தார். மணி அடித்தவர் கை மாற்றிக்கொள்ள ஒரு நொடி நிறுத்தினார். அவ்வளவுதான். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் முன்னால் நகர்ந்தது.

"நில்லுங்க!"

ஆச்சி போட்ட கூச்சலில் கோயில் வாசல் புறாவெல்லாம் எழும்பிவிட்டது. வண்டி நின்றது. குருக்கள் தாம்பாளத்தை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் அளவு இடைவெளி. தாம்பாளம் மட்டும் சுற்றிக்கொண்டே கிடந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "புதுக் காளை, துள்ளுது" என்றார் ஒருவர். வண்டிக்குள்ளிருந்த பெரியவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். "சாமி, மன்னிக்கணும். மணி நின்னுருச்சேன்னு எடுத்துட்டேன்."

மணி நின்றுவிட்டதாம். குருக்கள் கை காட்டியதா இல்லையா என்பதைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்த குருக்களுக்கும் அது உறைக்கவில்லை. மூன்று பழம் நசுங்கிக் கிடந்தது. ஒன்று மட்டும் முழுசாக உருண்டுபோய் வாய்க்கால் ஓரத்தில் நின்றது. ஆச்சி வண்டியில் ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய வண்டியில் விரல் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு மேடு, ஒரு திருகு. புது வண்டியில் எல்லாம் ஒரே கண்ணாடிப் பலகை. "வழவழன்னு கெடக்கு தாயி. எங்குட்டு வெரல் வச்சாலும் ஒரே மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். வானம் காய்ந்து கிடக்கும்போது மழைத்தண்ணி துடைக்கிற வைப்பர் ஆடிக்கொண்டே வரும். பகலில் விளக்கு எரியும். தெருவில் சிரிப்பார்கள். அதோடு அந்த வண்டி எதற்கெடுத்தாலும் கீச்சிட்டது. சுவர் வந்தால் கீச், நாய் போனால் கீச். ஷோரூமிலிருந்து வந்த ஆளிடம் அதை நிறுத்திவிடச் சொன்னார்.

"அது இருக்கிறது நல்லதுதான சார்."

"என்னைய நம்பாத வண்டிய நான் எப்படி ஓட்டுறது? நிறுத்துப்பா."

நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஃபிரிட்ஜ் ஓடுகிற அளவு சத்தம்தான். வருவது யாருக்கும் தெரியவில்லை. மாடு எழவில்லை. பூக்காரி படியேறவில்லை. திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் நிற்கும். ஆச்சி சன்னலை இறக்கிவிட்டு வெளியே தலையை நீட்டிக் கத்திக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிவிடும். மிளகுப்பால் காய்ச்சிக் கொடுப்பேன்.

வலையபட்டியில் ஒரு சாவுக்கு ஆச்சி போக வேண்டிவந்தது. "இன்னைக்கு எடுக்காதீக" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஐந்து மணிக்கு நான் பால் வாங்கத் தூக்குவாளியோடு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

பின்னாலிருந்து சூடான காற்று மாதிரி ஏதோ வந்தது. முந்தானை தோளிலிருந்து வெடுக்கென்று போனது. நான் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் போய் விழுந்தேன். வாளி உருண்டது. சேலை கிழிகிற சத்தம் கேட்டது, வண்டிச் சத்தம் கேட்கவில்லை. பார்க்கும்போது அந்தச் சாம்பல் வண்டி பிள்ளைகளை ஒட்டி, அவர்களுடைய பையை உரசிக்கொண்டு, அதே வேகத்தில் முக்குத் திரும்பியது. பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இழுத்துக்கொண்டிருந்த பையை இருவருமே விட்டுவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு சேலை கட்டிக்கொண்டு போய்ப் பரிமாறினேன். முழங்கை எரிந்தது. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"இன்னைக்கு ரோடு காலியாக் கெடந்துச்சு தாயி" என்றார்.

ஆச்சி வந்ததும் கிழிந்த சேலையைக் காட்டினேன். ஆச்சி அதை மடியில் விரித்துக் கிழிசலை முழுதாகப் பார்த்தார்கள். பிறகு நூல்கண்டை எடுத்து வந்து கொடுத்தார்கள். "அவுககிட்டச் சொல்லாத. நொறுங்கிப் போயிருவாக" என்றார்கள். அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் ஆச்சி போகவில்லை.

பேத்திக்கு அடுத்த லீவு விட்டது. எட்டு வயசு. போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவர் அவளுக்கு ஒரு சத்தியம் பண்ணிக்கொடுத்திருந்தார். "நீ வா. ஐயா ஒன்னப் புது வண்டியில பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் நானும் மட்டும்." வந்து இறங்கின மறுநாளே அவள் அதைக் கேட்டாள். சாயங்காலம் போகலாம் என்றார்.

ரெண்டு சீட்டு. பேத்தி உட்கார்ந்தால் ஆச்சிக்கு இடம் இல்லை.

"நானும் வாரேன். புள்ளைய மடியில வச்சுக்கிறேன்" என்றார்கள் ஆச்சி.

மகன் சிரித்தார். "ஆத்தா, இந்த வண்டியில அப்புடியெல்லாம் உக்காரக் கூடாது. அவளுக்குத் தனியா பெல்ட்டுப் போடணும். நீங்க ஒருநாளாச்சும் வீட்டுல இருங்க. அப்பச்சி காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

மத்தியானம் ஆச்சி அடுப்படிக்கு வந்தார்கள். அழுதிருந்தார்கள்.

"எனக்கு வாயக் கட்டிப் போட்டுருக்கு. சத்தியம் பண்ணுனவ நான்." என் முகத்தையே பார்த்தார்கள். "நீ பண்ணல."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மகனிடம் நான் போய் என்ன சொல்ல? அவர் எதிரில் நான் வாய் திறந்து பேசினதே கிடையாது. சொன்னாலும் பெரியவர் ஒரு சிரிப்பில் தட்டிவிடுவார். நம்ம தாயிக்குக் கார்னாலே பயம் என்பார். நம்பிவிடுவார்கள். அவர் அப்படித்தான் இத்தனை நாள் எல்லாரையும் நம்ப வைத்திருந்தார்.

நாலரை மணிக்கு வளவில் யாரும் இல்லை. நான் சுவரோரம் போனேன். சாவி அதன் ஆணியில் தொங்கியது. பழைய வண்டியின் பித்தளை வளையத்தையே புதுச் சாவிக்கும் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாண் தள்ளிக் குடை மாட்டுகிற ஆணி காலியாக இருந்தது. சாவியை எடுத்து அதில் மாட்டினேன். ஒளிக்கவில்லை. யார் பார்த்தாலும் தெரிகிற இடம். கை வியர்த்து வளையம் வழுக்கியது.

ஐந்து மணிக்குப் பேத்தி இரட்டைச் சடை போட்டு, பூ வைத்து, வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். மகன் படிக்கட்டில் போனோடு நின்றார். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். செருப்பில் கால் நேராகப் போய் நுழைந்தது. கை சுவருக்குப் போனது. அந்தக் கறுப்பின் மேல் உள்ளங்கை பட்டது. விரல் ஆணியைத் தொட்டது.

ஆணி மட்டும் இருந்தது.

திரும்பத் தடவினார். கீழே தடவினார். மேலே தடவினார். ஒரு சாண் தள்ளிப் பித்தளை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் முகம் ஆணிக்கு நேராகத்தான் இருந்தது.

"ஐயா, என்ன தேடுறீங்க?" என்றாள் பேத்தி.

"சாவி, கண்ணு. யாரோ எடுத்துட்டாக."

"அதான் இருக்குல்ல! பக்கத்துல!"

"எங்குட்டு?"

"அந்தா ஐயா! ஒங்க கைக்குப் பக்கத்துலயே! வெளையாடுறீங்களா?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கை சுவரில் நகர்ந்தது. எதிர்ப்பக்கமாக நகர்ந்தது.

மகன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அப்பாவின் கையைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். திரும்பக் கையைப் பார்த்தார். படியில் இறங்கி வந்து மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிரிப்பு நின்றது. ஆச்சி கதவுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சுவரில் இருந்த கையை அவர் மெதுவாக இறக்கினார். நான் நின்ற பக்கம் திரும்பினார். நான் மூச்சுக்கூட விடவில்லை. நான்தான் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"தாயி" என்றார். "எடுத்ததை எடுத்த இடத்துல மாட்டிரு."

மாட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மகன் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஷோரூம்காரர்கள் வண்டியை வந்து எடுத்துப்போனார்கள். அது போனதும் எங்களுக்குத் தெரியாது, சத்தம் இல்லையே. ஆச்சி பயந்ததுபோல அவர் படுக்கவில்லை. மதுரைக்குப் போய்க் கண்ணுக்கு மருந்து வாங்கி வந்தார்கள், வேளாவேளைக்கு ஊற்றிக்கொண்டார். ஆனால் வெள்ளையடிக்க வந்தவர்கள் நாற்காலியை மாற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள், அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செம்பு இடம் மாறியது, கேட்கவில்லை. எனக்கு அதுதான் கிலியாக இருந்தது. ஆச்சியும் நானும் போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தோம். அவர் கை எதையும் தேடி நீளவே இல்லை.

ஐந்து மணிக்கு மட்டும் வருவார். காலி ஆணியை ஒருதரம் தொட்டுவிட்டு அடுப்படி வாசற்படியில் வந்து உட்காருவார்.

"ரோடு எப்படிக் கெடக்கு தாயி?"

நான் சன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வேன். பூக்காரி போறா. பள்ளிக்கூடம் விட்டுருச்சு. கன்னுக்குட்டி ஒண்ணு தனியா நிக்குது. வாழ்நாளில் நான் அவ்வளவு பேசினது அந்தச் சன்னலில்தான்.

ஒருநாள் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பாராமலே, "காலியாக் கெடக்குண்ணே" என்றுவிட்டேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். 

"நானும் ஒருநாள் அப்படித்தான் சொன்னேன். அன்னைக்கு என்னமோ பட்டுச்சு தாயி. இடிச்சது இல்ல. பட்டுச்சு. எறங்கிப் பாக்கல. எறங்குனாத் தெரிஞ்சு போயிருமேன்னு எறங்கல. என்ன அது?"

"சேலைண்ணே."

"யாரு சேலை?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"என்னோடதுதான்."

"கிழிஞ்சுச்சா?"

"தச்சுக்கிட்டேன்."

அவர் கையை நீட்டினார். எதையும் தேடுகிற கை இல்லை. விரித்துக் காத்திருக்கிற கை. கொடியில் கிடந்த அந்தச் சேலையை எடுத்துவந்து, முந்தானைப் பக்கம் அவருக்கு வரும்படி படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். விரலால் தையலின் ஆரம்பத்தைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தார். ஒரு சாண் போனது. ரெண்டு சாண் போனது. சேலையை மடியில் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டே போனார்.

"இன்னும் போகுதா தாயி?"

"போகுதுண்ணே" என்றேன்.